திட்டூர்ப் பரிசல்

"என் மக்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, தாயே."

பல்லக்கை விட்டு இறங்குவதற்கு முன்பே வெண்காடர் இதைச் சொல்லிவிட்டார்.

அவர் ஏழூர் நாட்டின் பண்டாரத்து அமைச்சர்; கருவூலம் அவர் பொறுப்பு. அறுபதைத் தாண்டியவர். மலைமேல் குடிசை போட்டுக்கொண்டு இருந்த அம்மைக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. ஆனாலும் அவர்தான் சீடர். புத்தி குழம்பும்போதெல்லாம் மலையேறி வருவார். அதாவது, நான்கு பேர் ஏறுவார்கள். அவர் உட்கார்ந்து வருவார்.

அம்மைக்கு ஊர் வைத்த பெயர் பேசாமடந்தை. ஊமை ஒன்றும் இல்லை. ஒரு சொல் போதும் என்கிற இடத்தில் இரண்டாவது சொல்லைத் தேடமாட்டார், அவ்வளவுதான். நம் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் கிடைக்க அதுவே போதும்.

"எல்லாருக்குமா?" என்று கேட்டார் அம்மை.

"ஏழு ஊருக்கும்."

"உட்காரும்."

வெண்காடர் உட்காரவில்லை.

"சிலம்பா, பானைகளைக் கொண்டுவா!"

பல்லக்குத் தூக்குகிறவர்களில் மூத்தவன் சிலம்பன். இரண்டு பானைகளைக் கொண்டுவந்து அம்மையின் முன்னால் வைத்தான். மற்ற மூவரும் புங்கமரத்தடியில் பல்லக்கை இறக்கிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பானைச் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏழூரில் ஒரு வழக்கம் உண்டு. பொதுக்காரியம் எதுவானாலும் குடிகளைக் கேட்டுத்தான் செய்வார்கள். வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. ஆகட்டும் என்றால் கறுப்புக் கொட்டை. கூடாது என்றால் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கிய கொட்டை. வாய்க்குத் துணி கட்டிய பானைக்குள் கைவிட்டுப் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. தெரிந்துபோன வீடுகளில் அன்று இரவு சோறு கிடையாது.

"போன வருடம் ஐப்பசியில் பெரிய ஏரி உடைந்தது, நினைவிருக்கிறதா தாயே?"

"இருக்கிறது."

"கரை கட்டக் கடன் வாங்கினோம், வடக்கத்தி வணிகர்களிடம். இப்போது கரை நிற்கிறது. கடனும் நிற்கிறது."

"இரண்டும் உறுதிதான்."

வெண்காடருக்குச் சிரிக்கிற மனநிலை இல்லை.

"சந்தைக்குப் போனால் இதே பேச்சு. கடன்பட்ட நாடு உருப்படாது என்கிறார்கள். அரசு கண்டபடி செலவு செய்கிறது, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்கிறார்கள். நாவிதன் சொல்கிறான், மோர் விற்கிறவள் சொல்கிறாள். சரி, கேட்டுவிடுவோம் என்று முரசு அறைந்து கேட்டேன். செலவைக் குறைக்கலாமா? இதோ, பாருங்கள்."

முதல் பானையின் துணியை அவிழ்த்தார். உள்ளே முழுக்கக் கறுப்பு.

"எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இப்படியும் குடிமக்களா என்று. அப்புறம் எதைக் குறைக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மேலூர்த் தெப்பத் திருவிழாவைக் குறைக்கலாமா? கூடாது. கீழூர்க் கஞ்சிச்சாலையை மூடலாமா? கூடாது. அரண்மனை யானை? ஐயோ, கூடவே கூடாது. கேட்ட கேள்வி எதற்கும் கறுப்பு விழவில்லை. கடைசியாகக் கேட்டது இது."

இரண்டாவது பானையின் துணியை அவிழ்த்தார். உள்ளே முழுக்க வெள்ளை.

"இது எதற்கு?" என்றார் அம்மை.

"பண்டாரச் செலவில் ஓடும் திட்டூர்ப் பரிசலை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு. அதையும் தொடக்கூடாதாம்! கடன் தீர வேண்டும், ஆனால் ஒருவருக்கும் ஒன்றும் குறையக் கூடாது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! இது பைத்தியமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்."

அம்மை பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அதனால் நானே முடிவு செய்துவிட்டேன்" என்றார் வெண்காடர். "அடிவாரத்தில் ஏழூரும் கூடியிருக்கிறது. நான் இறங்கியதும் முரசு. தை பிறந்தால் பரிசல் கிடையாது."

"ஏன் பரிசல்?"

"திட்டூர் ஆற்றுக்கு நடுவில் இருக்கிறது. சத்தம் போட்டாலும் இக்கரைக்குக் கேட்காது."

வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

புங்கமரத்தடியில் கால்நீட்டி உட்கார்ந்திருந்த தோணியப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பல்லக்குக்காரர்களில் இளையவன் அவன்தான். ஊர், திட்டூர். அவன் மனைவி பூங்கோதைக்கு நிறைமாதம். தை பிறந்தால் நாள். மருத்துவச்சி இருப்பது இக்கரையில். இது எதுவும் அமைச்சருக்குத் தெரியாது. பல்லக்கைத் தூக்குகிறவன் பல்லக்கில் இருக்கிறவரிடம் பேசுகிற வழக்கம் ஏழூரில் இல்லை. ஏழைசொல் அம்பலம் ஏறாது என்பார்கள். இவன் சொல்லோ பல்லக்குக்கே ஏறவில்லை.

"திட்டூரில் எத்தனை வீடு?" என்று கேட்டார் அம்மை.

"நாற்பது இருக்கும்."

அம்மை வெள்ளைப் பானையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கனமாக இருந்தது போலும். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன தாயே?"

"ஒன்றுமில்லை."

பிறகு கறுப்புப் பானையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். மண்சட்டியைச் சூடாக்கினார். கொட்டைகளை அள்ளிப் போட்டு வறுக்கத் தொடங்கினார்.

வெண்காடர் பதறிப்போனார்.

"தாயே! அது மக்கள் கருத்து!"

"தெரியும். உப்புப் போட்டால் நன்றாக இருக்கும்."

வறுத்ததை முறத்தில் கொட்டி, தோல் போகப் புடைத்து, பல்லக்குக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார். அமைச்சருக்கு ஒரே ஒரு கொட்டை. கோபத்தில் அவர் அதை நறுக்கென்று கடிக்கப் போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கடிக்காதீர். ஒதுக்கி வையும். ஊறட்டும்."

வெண்காடர் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கினார். பேச்சு கொஞ்சம் கொழகொழத்தது.

"எப்படி வந்தீர்?" என்று கேட்டார் அம்மை.

"வழக்கம்போல். பல்லக்கில்."

"எத்தனை பேர் சுமந்தார்கள்?"

"நான்கு பேர்."

"மூன்று பேர்."

"இல்லை தாயே. அதோ பாருங்கள். சிலம்பன், குன்றன், ஆதன், தோணியப்பன்."

அம்மை தோணியப்பனின் வலது காலைக் காட்டினார். கணுக்கால் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"எங்கே சுளுக்கியது, அப்பா?"

"பாதி மலையிலங்க" என்றான் தோணியப்பன்.

"பொய்!" என்றார் வெண்காடர். "பாதி மலையிலிருந்து நொண்டிக்கொண்டா வந்தான்? பல்லக்கு ஒருதரம்கூடக் குலுங்கவில்லையே!"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றார் அம்மை.

மற்ற மூவரும் அவன் பங்கையும் சுமந்திருக்கிறார்கள் என்று புரிந்ததும் வெண்காடருக்கு முகம் சுருங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். தோணியப்பனின் காலருகே குனிந்து பார்த்தார். பிறகு மார்பை நிமிர்த்தினார்.

"அப்படியானால் இன்றோடு பல்லக்கை நிறுத்திவிடுகிறேன், தாயே. இனிமேல் நடந்தே வருகிறேன். பண்டாரத்துக்கும் ஒரு செலவு மிச்சம்."

மரத்தடியில் கொட்டை மெல்லுகிற சத்தம் நின்றுபோனது.

"ஐயா" என்றான் சிலம்பன் மெதுவாக. "பல்லக்கு நின்னா எங்க அடுப்பும் நின்னுடுமேங்க."

வெண்காடர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார்.

"பார்த்தீர்களா தாயே! எதைத் தொட்டாலும் அதற்கடியில் ஒருத்தன் அடுப்பு எரிகிறது. கடனை அடைக்காவிட்டால் வணிகர்கள் ஏரி மதகுக்குப் பூட்டுப் போடுவார்கள். அடைக்க வேண்டுமென்றால் எவன் அடுப்பையாவது அவிக்க வேண்டும். நான் என்னதான் செய்வது?"

மாதக்கணக்காகத் தூங்காத மனிதர்.

அம்மை அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"தோணியப்பனைப் பல்லக்கில் உட்கார வையும்."

"யாரை?"

"அவன் இடத்தில் நீர் தோள் கொடும்."

"நானா!"

"சுமைதாங்கி வரை. அங்கே இறக்கி வைத்துவிட்டு, உமக்குப் பிடித்ததை முரசறையும்."

சொல்லிவிட்டுக் குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டார்.

* * *

தோணியப்பனை ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "வேணாங்க, நான் நொண்டியே வந்துடறேங்க" என்று கெஞ்சினான். குன்றனும் ஆதனும் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அடுப்புமேல் உட்கார்ந்தவன் மாதிரி மெத்தையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டான்.

சிலம்பன் தன் துண்டை நான்காக மடித்து அமைச்சரின் தோளில் வைத்தான்.

"நீங்க பின்னாடி வாங்கய்யா. இறக்கத்துல பின்னாடி லேசு. கனமெல்லாம் முன்னாடி வந்துடும்."

முன்னால் சிலம்பனும் குன்றனும். பின்னால் ஆதனும் அமைச்சரும். தண்டு தோளில் ஏறியது.

லேசு என்று சொன்னானே, அது யாருக்கு லேசு என்று வெண்காடருக்குப் புரியவில்லை. எலும்பில் ஆணி இறங்கியது போலிருந்தது.

"கல்லு!" என்றான் சிலம்பன் முன்னாலிருந்து.

"கல்லு" என்றான் ஆதன்.

வெண்காடர் கல்லில் இடித்துக்கொண்டார்.

பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது. பல்லக்குதான் தெரியும். முன்னால் போகிறவன் சொல்வதுதான் அவனுக்குக் கண். இருபது வருடமாக மெத்தைமேல் உட்கார்ந்து இந்தச் சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார். ஏதோ களைப்புக்குப் பாடுகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

"வழுக்கு!"

"வழுக்கு" என்றான் ஆதன்.

"வழுக்கு" என்றார் அமைச்சர்.

காலைப் பார்த்து வைத்தார். வழுக்கவில்லை.

இறக்கம் செங்குத்தாயிற்று. முன்னால் போன இருவரின் முதுகும் வில்லாக வளைவது அவருக்குத் தெரிந்தது.

"கனக்கிறதா, சிலம்பா?"

"கனக்குதுங்க."

"பாரத்தைக் குறைத்தால் நல்லதா?"

"நல்லதுங்க!" என்றார்கள் மூவரும் ஒரே குரலாக.

"நான் எறங்கிடறேங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"நீ சும்மா இரு!" என்று நால்வரும் அதட்டினார்கள்.

வெண்காடர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தார். பழக்கதோஷம், கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சரி. சிலம்பா, நீ தோளை எடுத்துவிடு."

"ஐயோ! நான் எடுத்தா குன்றன் நசுங்கிடுவானேங்க."

"குன்றா, அப்படியானால் நீ எடுத்துவிடு."

"சிலம்பண்ணன் முதுகு போயிடுங்க."

"ஆதா, நீ?"

ஆதன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். சொல்லக் கூச்சப்பட்டான்.

"ஐயா இருக்கீங்களே" என்றான்.

வெண்காடர் நின்றுவிட்டார்.

பல்லக்கு ஒரு ஆட்டம் ஆடியது. உள்ளே தோணியப்பன் முருகனைக் கூப்பிட்டான்.

"நடங்கய்யா, நடங்க!" என்று கத்தினான் சிலம்பன். "நின்னாத்தான் கனம்!"

அவர் நடந்தார். ஆனால் கண்முன்னே பாதை இல்லை. ஒரு கறுப்புப் பானை இருந்தது. ஒரு வெள்ளைப் பானை இருந்தது. அம்மை அதை இரண்டு கையால் பிடித்து மெதுவாக இறக்கி வைத்தது நினைவுக்கு வந்தது.

திட்டூரில் நாற்பது வீடு. நாற்பது கொட்டை போட்டால் அந்தப் பானையின் அடிகூட மறையாதே!

மீதி வெள்ளையெல்லாம் யார் போட்டது?

ஏழூரும் துணிக்கடியில் கைவிட்டு, யாருக்கும் தெரியாமல், முன்பின் பார்த்திராத ஆற்றுக்காரர்களின் பரிசலுக்காகக் கொட்டை தேய்த்துப் போட்டிருக்கிறது. அந்த மக்களைத்தான் அவர் பைத்தியம் என்றார். வாய் கூசியது.

"சிலம்பா" என்றார். "இவ்வளவு கனத்தை எதுவரைக்கும் தாங்குவாய்?"

"அடுத்த மேடு வரைக்குங்க."

"அப்புறம்?"

"மேடு வந்தா கனம் பின்னாடி போயிடும். உங்களுக்கு."

குன்றன் சிரித்தான். அது பல்லக்குக்காரர்கள் பேச்சு. அடுத்த மேடு வரைக்கும் என்பதைப் பிள்ளைகள்கூடக் கல் தூக்கி விளையாடும்போது சொல்லும். ஏழூரில் அதை அறியாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் அமைச்சர்.

மேடு வந்தது.

கனமும் வந்தது. முதலில் கழுத்தில் இறங்கி, பிறகு இடுப்பில் இறங்கி, முழங்காலில் போய் நின்றது. செத்தேன் என்று நினைத்தார் வெண்காடர். முன்னால் சிலம்பன் நிமிர்ந்து நடந்தான்; சீட்டிகூட அடித்தான், படுபாவி. ஆனால் யாரும் சொல்லாமலே அடியைச் சின்னதாக்கிக்கொண்டான். அமைச்சரின் மூச்சு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அடி.

மேடு முடிந்தது. அவர் சாகவில்லை.

* * *

சுமைதாங்கி பாதையோரத்தில் இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியது. தலைச்சுமைக்காரர்கள் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து ஏற்றிக்கொள்கிற உயரம். பல்லக்கை அதன் பக்கத்தில் இறக்கினார்கள்.

வெண்காடர் கல்லின்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டார். குளிர்ச்சியாக இருந்தது. இந்த வழியாக எத்தனையோ தரம் போயிருக்கிறார். தொட்டுப் பார்த்தது இன்றுதான்.

"நல்ல கல்" என்றார். "யார் வைத்தது?"

பல்லக்குக்குள்ளிருந்து பதில் வந்தது.

"எங்க ஊர்ங்க."

"திட்டூரா?"

"ஆமாங்க. முப்பாட்டன் காலம். அப்போ பரிசல் கெடையாது. ஆத்துல வெள்ளம். எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்திக்கு வலி கண்டுடுச்சு. மருத்துவச்சி இக்கரையில வந்து நின்னு, அக்கரையைப் பாத்துக்கிட்டே இருந்தாளாம்."

வெண்காடர் கல்லிலிருந்து நிமிர்ந்தார். வயிற்றுச் சுமையோடு இறந்துபோனவளுக்குச் சுமைதாங்கி வைப்பது நாட்டு வழக்கம். அவருக்கும் தெரியும். தெரிந்தும் இது யாருடையது என்று கேட்கத் தோன்றியதில்லை.

"அவ எறக்கி வைக்காமலே போயிட்டா, வழியில போறவங்களாவது எறக்கி வைக்கட்டும்னு வச்சாங்க. திட்டுல வச்சா வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடும்னு இங்க கொண்டாந்து வச்சாங்க."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

சிலம்பன் சொன்னான்.

"அவன் சம்சாரத்துக்கும் நிறைமாசங்க. தை பொறந்தா நாள்."

வெண்காடர் அழுதார். அறுபதைத் தாண்டிய அமைச்சர், பல்லக்குக்காரர்கள் முன்னால், முகத்தை மூடிக்கொள்ளாமல் அழுதார். சிலம்பன் தோளில் வைத்த துண்டையே எடுத்து நீட்டினான். அவர் அதில் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

தோணியப்பன் தட்டுத்தடுமாறி இறங்கி நின்றான்.

"சுமைதாங்கி வந்துடுச்சுங்க. அம்மா இதுவரைக்குந்தான் சொன்னாங்க. நீங்க ஏறிக்குங்க ஐயா."

வெண்காடர் கல்லை ஒருதரம் தடவினார். பிறகு தண்டுக்கு அடியில் குனிந்தார்.

"இந்தத் தோள் புண்ணாகிவிட்டது" என்றார். "மாற்றிக்கொள்ளலாமா?"

"மாத்து!" என்று குரல் கொடுத்தான் சிலம்பன்.

* * *

அடிவாரத்தில் கூடியிருந்த கூட்டம் முதலில் பல்லக்கைப் பார்த்தது. உள்ளே தோணியப்பன் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்தண்டில் அமைச்சர், சட்டை கிழிந்து, தலைப்பாகை எங்கேயோ விழுந்து. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பையன்கள் கூவினார்கள். பெரியவர்கள் எழுந்து நின்றார்கள்.

பல்லக்கை இறக்கினார்கள்.

முரசுக்காரன் கோலை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஐயா, எதை நிறுத்தறதுன்னு அறையட்டும்?"

"இரு" என்றார் வெண்காடர். மூச்சு வாங்கினார். "ஏழூரே! கடன் தீர வேண்டுமா?"

"தீரணும்!"

"பாரம் குறைய வேண்டுமா?"

"குறையணும்!"

"எதை நிறுத்தலாம், யார் தோளை எடுப்பது என்று உங்களைக் கேட்டேன். ஒருவரையும் எடுக்க விடமாட்டோம் என்றீர்கள். கேட்டது என் தப்பு. இப்போது வேறு ஒன்று கேட்கிறேன். பானை வேண்டாம், துணி வேண்டாம். முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நம்மில் எந்த ஊர் நொண்டுகிறது?"

இப்படி அவர்களை யாரும் கேட்டதில்லை. ஒவ்வொருவரும் தன் ஊர்க் குறையைச் சொல்ல வாயெடுத்து, தோணியப்பனின் காலைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார்கள்.

கீழூர்க்காரி ஒருத்தி, இடுப்பில் மோர்க்குடத்தோடு, பின்வரிசையிலிருந்து சொன்னாள்.

"திட்டூருதாங்க. வெள்ளத்துல வந்த மணலு இன்னும் அவங்க வயல்ல கெடக்கு."

"ஆமாங்க, திட்டூருதான்" என்றது இன்னொரு குரல். அது மேலூர்க் குரல்.

"திட்டூரு, திட்டூரு" என்று கூட்டம் முழுக்கப் பரவியது.

வெண்காடர் முரசுக்காரனைப் பார்த்தார்.

"பரிசல் ஓடும். முதலில் அதை அறை."

முரசு ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்டது. தோணியப்பன் மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். குன்றன் அவன் முதுகில் பட்டென்று ஒன்று வைத்தான்.

"அப்ப கனத்தை யாரு வாங்குறது?" என்று கேட்டார் ஒரு கிழவர். நியாயமான கேள்விதான். கடன் அப்படியேதானே இருக்கிறது.

"யார் நிமிர்ந்து நடக்கிறார்களோ அவர்கள்" என்றார் வெண்காடர்.

யாரும் யாரையும் கைகாட்டவில்லை. ஆனால் கழுத்துகளெல்லாம் மெதுவாக ஒரு பக்கம் திரும்பின.

அங்கே மேலூர்ப் பெரியதனக்காரர் அரியநம்பி நின்றிருந்தார். புதுக்கரை கட்டிய பிறகு ஏரித்தண்ணீர் முதலில் பாய்வது அவர் ஊர் வயலுக்கு. இந்த வருடம் மேலூரில் மூன்று போகம். தோளில் சரிகைத் துண்டு, கையில் வெள்ளிப்பூண் தடி.

"என்ன, எல்லாரும் என்னைப் பாக்குறீங்க?" என்றார். முகம் சிவந்துவிட்டது. "தெப்பத் திருவிழா எங்க ஊரோட மானம்! ஏழு நாள் வாணவேடிக்கை! யாராவது கைவைங்க பாப்போம்!"

யாரும் கைவைக்கவில்லை.

அரியநம்பி கொஞ்ச நேரம் தடியால் தரையைக் குத்திக்கொண்டிருந்தார். பிறகு பல்லக்கைப் பார்த்தார். தோணியப்பனின் காலைப் பார்த்தார். அமைச்சரின் தோளில் தண்டு பதிந்து கன்றிப்போயிருந்ததைப் பார்த்தார்.

"வாணம் விடலைன்னா சாமி ஒண்ணும் முங்கிப்போயிடாது" என்று முணுமுணுத்தார். "அது சரி. ஆனா எங்க ஊர்ப் பசங்க என்னைக் கேப்பானுங்களே. எதுவரைக்கும்னு சொல்லட்டும்?"

வெண்காடர் கன்னத்தில் ஒதுக்கியிருந்த கொட்டையை நாக்கால் தேடினார். நன்றாக ஊறியிருந்தது. மெதுவாகக் கடித்தார்.

"அடுத்த மேடு வரைக்கும்" என்றார்.

சிலம்பன்தான் முதலில் சிரித்தான். பிறகு ஏழூரும் சிரித்தது.

அரியநம்பி வலது தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினார். நான்காக மடித்து, தண்டுக்கு வைப்பதுபோல் இடது தோளில் வைத்துக்கொண்டார்.